திறந்த வாசலும் பிரிந்த பந்தியும்

மிதம் என்னும் சொல்லை நம் திருச்சபையார் பெரும்பாலும் ஐயத்தோடேயே நோக்கி வந்துள்ளனர். வெதுவெதுப்பாயிருந்த லவோதிக்கேயா சபை பெற்ற கடிந்துரை நம் செவிகளில் ஆழமாகப் பதிந்திருப்பது இதற்கு ஒரு காரணமாகலாம். ஆயினும், பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில், எல்லா மனிதருக்கும் தெரிந்திருக்கவேண்டிய ஒரு பண்பினைப் பவுல் குறிப்பிடுகிறார். நம் பழைய மொழிபெயர்ப்பு அதனைச் ‘சாந்தகுணம்’ என்கிறது. கிரேக்க மூலத்தில் உள்ள ‘எப்பியைகெஸ்’ என்னும் சொல்லோ, தனக்குரிய நியாயத்தைக் கடைசிக் காசுவரை வற்புறுத்தாது, பிறர் நிலையை எண்ணி இணங்கிச் செல்லும் நயத்தைக் குறிப்பதாகும். அது கொள்கையில் தளர்ச்சியன்று. உரிமையைச் செலுத்துவதில் அடக்கம். இப்பொருளில் மிதம் சுவிசேஷத்துக்கு அயலான பண்பு அன்று.

எனினும், எவற்றில் இணங்குவது, எவற்றில் மறுப்பது என்னும் கேள்வி எஞ்சி நிற்கிறது. பல சமயத்தார் கலந்து வாழும் நாட்டில், ஊர் வழக்கங்களின் நடுவே வாழும் ஒவ்வொரு சபையும் இக்கேள்வியை நாள்தோறும் எதிர்கொள்கிறது. நமக்கு முன்னிருந்தோர் இதற்கு அளித்த விடைகளைத் திறனாய்ந்து, அவற்றின் நிறை குறைகளைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்விடைகள் தம்முள் முரண்பட்டனவாயினும், அவை தவறிய இடம் ஒன்றே என்பது நம் கருத்து.

1. ஓர் ஆறும் நான்கு ஊர்களும்

ஆய்வுக்குக் களமாகத் திருவள்ளூர் மாவட்டத்து ஆரணியை எடுத்துக்கொள்வோம். பட்டுக்குப் பேர்போன வடஆர்க்காட்டுப் பக்கத்து ஆரணி வேறு; நாம் கூறுவது பெரியபாளையத்தை அடுத்து, ஆரணியாற்றங்கரையில் அமைந்த சிற்றூர். ஆந்திர நாட்டு மலைகளில் தோன்றும் அவ்வாறு ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், ஆரணி, பொன்னேரி ஆகிய ஊர்களைக் கடந்து பழவேற்காட்டுப் பகுதியில் கடலை அடைகிறது. வடக்கே கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலைகள் நிற்கின்றன. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலித்த இப்பகுதியில், இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளரின் மொழிகளும் கேட்கின்றன.

ஆற்றின் மேற்பகுதியில் உள்ள பெரியபாளையத்தில், ஆடி மாதந்தொட்டு வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமைகளில் பவானியம்மன் கோயிலுக்கு மக்கள் திரளாக வருகின்றனர். உடலை வேப்பிலையால் மூடி வலம்வருதலும், பொங்கலிடுதலும் அங்கு வழக்கம். ஞாயிற்றுக்கிழமை நம்முடைய ஆராதனை நாளும் ஆகையால், ஒரே காலைப்பொழுதில், ஒரே சாலையில், ஒரு கூட்டம் அம்மனை நோக்கியும் மற்றொரு சிறு கூட்டம் ஆலயத்தை நோக்கியும் செல்வதைக் காணலாம்.

கீழ்ப்பகுதியில் பொன்னேரி. சித்திரைத் திருவிழாவின்போது அகத்தீசுவரரும் கரிகிருஷ்ணப் பெருமாளும் தத்தம் கோயில்களிலிருந்து எழுந்தருளிக் கடைத்தெருவில் சந்திக்கும் ‘சந்திப்பு’ அவ்வூரின் பெருவிழா. சைவமும் வைணவமும் கடுமையாகப் பூசலிட்ட நாட்டில் இச்சந்திப்பு பொருள் பொதிந்தது. சிவன் பெருமாளாகிவிடவில்லை, பெருமாளும் சிவனாகிவிடவில்லை. அவரவர் தம் நிலையில் நின்றபடியே எதிரெதிரே வந்து, பின்னர்த் தம் இருப்பிடம் திரும்புகின்றனர். சந்திப்புக்குக் கலப்பு தேவையில்லை என்பதை அவ்வூர் மக்கள் இறையியல் நூல்களின் துணையின்றியே அறிந்துள்ளனர். அவ்விழாவின் வழிபாட்டில் நமக்குப் பங்கில்லை. அது கற்பிக்கும் அயலாரொழுக்கத்தில் நாம் கற்கவேண்டியது உண்டு.

ஆற்றின் முடிவில் பழவேற்காடு. பள்ளிவாசல்களும், போர்த்துக்கீசியர் காலத்து மரபினைக் கூறும் மகிமை மாதா ஆலயமும், டச்சுக்காரரின் கல்லறைகளும் அருகருகே உள்ள ஊர் அது. ஊர் வழக்கங்கள் குறித்துச் சீர்திருத்தத் திருச்சபையார் தென்னாட்டில் எழுதிய முதற்பெரும் நூலுக்கு மூலமும் அங்கேதான் உருவாயிற்று. ஆதலின் நம் திறனாய்வை அந்நூலிலிருந்தே தொடங்குவோம்.

2. ரொஜேரியுஸ் திறந்த வாசல்

ஆபிரகாம் ரொஜேரியுஸ் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் குருவாகப் பழவேற்காட்டில் 1632 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஊழியம் செய்தவர். கம்பெனியார் 1613இல் அமைத்த கெல்திரியாக் கோட்டையே அவர் பணியிடம். பத்மநாபன் என்னும் பிராமணரிடம் கேட்டறிந்தவற்றை அவர் பொறுமையுடன் தொகுத்தார். தாயகம் திரும்பி 1649இல் அவர் இறந்தபின், 1651இல் லைடன் நகரில் அந்நூல் வெளியாயிற்று. மறைந்து கிடந்த புறச்சமயத்துக்குத் திறந்த வாசல் என்பது அதன் தலைப்பின் பொருள். முதற்பகுதி பிராமணரின் வாழ்க்கை முறைகளையும், இரண்டாம் பகுதி அவர்தம் நம்பிக்கை வழிபாடுகளையும் கூறுகின்றன. பர்த்ருஹரியின் நீதிமொழிகளை ஐரோப்பிய மொழி ஒன்றில் முதன்முதல் தந்ததும் இந்நூலே.

இதன் சிறப்பை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. தம்மினும் வேறான சமயத்தாரை ஏசுவதே குருமார்க்கு அழகு எனக் கருதப்பட்ட காலத்தில், ஏசுவதற்குமுன் கேட்கவேண்டும் என்று இவர் உணர்ந்தார். அயலான் கூறுவதை அயலானின் வாயினின்றே கேட்பது மிதத்தின் முதற்படி. ஒரு நூற்றாண்டின் முக்கால் பங்கு கழிந்து தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு இவ்வழியில் இன்னும் நெடுந்தொலைவு சென்றார்.

ஆயினும் குறையொன்று உண்டு. வாசல் திறந்தது, ஆனால் எவர் வீட்டு வாசல்? நூலுக்குச் செய்தி தந்தோர் பிராமணர். நூலின் பொருளும் பிராமணரே. ஊர் வழக்கம் என்றால் ஊரின் உச்சியில் இருப்போர் கூறும் வழக்கமே என்னும் எண்ணம் இதனால் வேரூன்றியது. அதே காலத்தில் அதே துறையிலிருந்து, பஞ்சத்தாலும் போராலும் தம்மையே விற்க நேர்ந்த ஏழை மக்களைக் கம்பெனியின் கப்பல்கள் அடிமைகளாக ஆயிரக்கணக்கில் பத்தாவியாவுக்கும் பிற இடங்களுக்கும் கொண்டு சென்றன. அவர்களுடைய விரதங்கள் யாவை, அவர்கள் யாரை வணங்கினர், யாரோடு உண்டனர் என்பவை நூலின் எல்லைக்குள் வரவில்லை. ஒரு நூலில் எல்லாம் இருக்கவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. வழக்கத்தை மதித்தல் என்பது எளிதில் வலியோரின் வழக்கத்தை மதித்தலாகச் சுருங்கிவிடும் என்பதற்கு இந்நூல் முதற்சான்றாக நிற்கிறது என்று மட்டும் கூறுகிறோம்.

3. பூவும் பாட்டும் பந்தியும்

அடுத்து வருவது, இதனினும் நெருக்கமாக நம்மைத் தொடும் வழக்கு. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரை (1774–1864) அறியாத தமிழ்க் கிறிஸ்தவர் இலர். சுவார்ச்சு ஐயரின் வளர்ப்பில் பயின்றவர். சரபோஜி மன்னருடன் கல்வி கற்றவர். பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். 1820களில் தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் புதிதாகப் பொறுப்பேற்ற இளம் மிஷனெரிமார் பழைய ஒழுங்குகளை மாற்றத் தொடங்கியபோது, சாஸ்திரியார் அதனைக் கடுமையாக எதிர்த்தார். 1829ஆம் ஆண்டளவில் அவர் எழுதியவற்றில் நான்கு குறைகள் கொடுமைகளாக எடுத்துரைக்கப்படுகின்றன. பப்ரிசியுஸ் ஐயரின் வேத மொழிபெயர்ப்பை மாற்றியது ஒன்று. விழாக்களிலும் திருமணங்களிலும் பூமாலை முதலியவற்றைத் தடுத்தது ஒன்று. ஆராதனையில் தமிழ்ப் பாடல்களை விலக்கியது ஒன்று. சாதியாரை ஒருவரோடொருவர் கலந்து அமரவும் நற்கருணை பெறவும் கட்டாயப்படுத்தியது ஒன்று.

இந்நான்கினையும் ஒருசேரப் படிக்கும் இன்றைய வாசகர் திகைப்படையாதிருக்க இயலாது. முதல் மூன்றில் சாஸ்திரியார் பக்கம் நியாயம் இருந்தது என்பதை வரலாறே தீர்த்துவிட்டது. பப்ரிசியுஸ் மொழிபெயர்ப்பை லுத்தரன் சபையார் நெடுங்காலம் போற்றினர். மிஷனெரிமார் விலக்க எண்ணிய கீர்த்தனைகளே இன்று ஊர்தோறும் ஆராதனையின் உயிராக உள்ளன. பூவின்றித் தமிழர் வீட்டில் மணமும் இல்லை, பிணமும் இல்லை. இவற்றைப் புறச்சமயச் சின்னங்கள் என இகழ்ந்தோர், தம் நாட்டு வழக்கத்தைச் சுவிசேஷம் என்று மயங்கினர்.

நான்காவதோ முற்றிலும் வேறு. தாழ்த்தப்பட்டோர் ஆலயத்தின் ஒரு பக்கத்திலும் வேளாளர் மறுபக்கத்திலும் அமர்வது பழைய ஒழுங்கு. சாதி சமயத்தைச் சார்ந்ததன்று, உலகியல் மரியாதையே. ஒரே கூரையின்கீழ் ஒரே பிரசங்கத்தைக் கேட்கும்போது இடவேறுபாடு பொருட்டன்று என்பது சாஸ்திரியார் தரப்பினரின் வாதம். பூவுக்கும் பாட்டுக்கும் சொன்ன அதே நியாயத்தையே அவர் பந்திக்கும் சொன்னார்: இது எங்கள் வழக்கம், இதனை அயலார் குலைக்கலாகாது. பூவையும் பாட்டையும் இழப்பதால் வருந்துவோர் யார், இடவேறுபாட்டால் வருந்துவோர் யார் என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கத்தில் அமர்ந்திருந்தோரின் சொல் அவ்விவாதத்தில் ஏறவேயில்லை. மாபெரும் கவிஞரின் செவிக்கும் எட்டாத குரல்கள் உண்டு என்பது நமக்கு எச்சரிக்கை.

மிஷனெரிமாரும் இதே பிழையை மறுபுறத்திலிருந்து செய்தனர். அவர்களுக்கு நான்கும் ஒரே பொதி. ஆகையால் நான்கையும் ஒருங்கே தூக்கி எறிய முயன்றனர். 1833இல் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன், சாதி வேற்றுமை தயக்கமின்றி உடனே அறவே கைவிடப்படவேண்டும் எனச் சுற்றறிக்கை விடுத்தார். அறிக்கை நேரியது, எனினும் பூவைப் பழித்த அதே வாய் சாதியையும் பழித்ததால், தமிழர் பலர்க்கு இரண்டும் ஒரே அந்நியக் கட்டளையாகவே தோன்றின. தஞ்சையிலும் வேப்பேரியிலும் சபைகள் பிளவுண்டன.

4. தமிழை நேசித்தவரும் சாதியை எதிர்த்தவரும்

பிற்காலத்தில் இம்முரண் இன்னும் கூர்மையடைந்தது. லைப்சிக் மிஷனின் தலைவரான கார்ல் கிரவுல் 1849 முதல் 1853 வரை இந்நாடுகளில் பயணம் செய்தவர். திருக்குறளை ஜெர்மன் மொழியில் பெயர்த்து 1856இல் வெளியிட்டவர். தமிழின் மேன்மையை அவர்போல் உணர்ந்த ஐரோப்பியர் சிலரே. அவரே, சாதி சமூக ஒழுங்கு ஆகையால் அதனைப் படிப்படியாகச் சுவிசேஷமே கரைக்கும், அதுவரை பொறுத்தல் தகும் என்னும் நிலையினர். மறுபுறம், 1850இல் சென்னை மிஷனெரி மாநாட்டினர், ஞானஸ்நானம் பெற விரும்புவோர் தாழ்த்தப்பட்டோர் சமைத்த உணவை உண்டு, சாதியை விட்டமைக்குச் சான்று தரவேண்டும் எனத் தீர்மானித்தனர். லுத்தரன் மிஷனைத் தவிர ஏனையோர் பெரும்பாலும் இதற்கு உடன்பட்டனர். அவர்களுள் தமிழ்ப் பண்பாட்டை மதித்தோர் மிகச் சிலர்.

ரோமச் சபையின் வரலாற்றிலும் இதே கோலம் காணப்படுகிறது. நொபிலியின் வழியில் சென்ற மதுரை மிஷன், குடுமி, சந்தனம், பூணூல் முதலியவற்றைப் பொறுத்துக்கொண்டது. 1704இல் புதுச்சேரியில் பாப்பரசரின் தூதரான தூர்நோன் பிறப்பித்த ஆணை, திருமண வழக்கங்கள் பலவற்றைத் தடை செய்ததோடு, நோயுற்ற பறையரின் குடிசைக்குள்ளேயே குருக்கள் சென்று திருவருட்சாதனங்களை வழங்கவேண்டும் என்றும் பணித்தது. இறுதியில் 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் சடங்கு விதிகளை வலியுறுத்தினார். ஆனால் தாழ்த்தப்பட்டோருக்கெனத் தனிக் குருக்களை அமர்த்தும் ஏற்பாட்டுக்கு இசைவளித்தார். தேங்காயும் தாலியும் நுணுக்கமாக ஆராயப்பட்டன. குடிசை வாசல் மட்டும் தனி ஏற்பாட்டுக்கு விடப்பட்டது.

ஆகவே, ஈராறு தலைமுறைகளின் விவாதத்தைத் தொகுத்து நோக்கின் ஒரு செய்தி புலனாகும். பண்பாட்டை மதித்தோர் சாதியையும் சேர்த்துக் காத்தனர். சாதியை எதிர்த்தோர் பண்பாட்டையும் சேர்த்து இகழ்ந்தனர். இரு சாராரும் வழக்கங்களைப் பிரிக்கமுடியாத ஒரே நெசவாகக் கொண்டதே பிழை. மேலும், கட்டளையால் உண்பித்த விருந்து சோதனையாகுமேயன்றிச் சமபந்தி ஆகாது. 1910இல் எடின்பரோ மாநாட்டில் வேதநாயகம் சாமுவேல் அசரியா எழுந்து மிஷனெரிமாரிடம் நட்பை வேண்டி நின்றபோது, பந்தி விதித்தோரின் சொந்த மேசையிலேயே இடம் குறைவாயிருந்தது வெளிப்பட்டது.

5. பவுலின் இரு அளவுகோல்கள்

இவ்விடத்தில் வேதத்துக்குத் திரும்புதல் தகும். பவுல் வழக்கங்களில் முரண்பட்டு நடந்தவர்போல் முதற்பார்வைக்குத் தோன்றுகிறார். தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் பண்ணுவித்தார் (அப். 16:3), தீத்துவோ அதற்குக் கட்டாயம்பண்ணப்படவில்லை (கலா. 2:3). கடைத்தெருவில் விற்கும் இறைச்சியை விசாரியாமல் உண்ணலாம் என்கிறார், விக்கிரகத்துக்குப் படைத்தது என்று ஒருவன் அறிவித்தால் அவன் மனச்சாட்சியின் பொருட்டு உண்ணவேண்டாம் என்கிறார் (1 கொரி. 10). யூதருக்கு யூதனைப்போலானேன் என்று கூறியவரும் அவரே.

இவ்வளவு நெகிழ்ந்து கொடுத்த அப்போஸ்தலர் இரண்டிடங்களில் மட்டும் கல்போல் நின்றார். ஒன்று, கர்த்தருடைய போஜனபந்தியிலும் பேய்களுடைய போஜனபந்தியிலும் ஒருங்கே பங்குபெறலாகாது என்பது. மற்றொன்று அந்தியோகியாவில் நிகழ்ந்தது. புறஜாதியாரோடு உண்டுகொண்டிருந்த பேதுரு, யாக்கோபினிடத்திலிருந்து சிலர் வந்தபோது பந்தியைவிட்டு விலகிக்கொண்டார். பேதுரு எந்த விக்கிரகத்தையும் வணங்கவில்லை. எந்த உபதேசத்தையும் மறுக்கவில்லை. தம் இனத்தாரின் பழைய வழக்கத்துக்குச் சற்று இணங்கினார், அவ்வளவே. இன்றைய சொல்லில் கூறின், அவர் மிதவாதி. அவரையே பவுல் எல்லாருக்கும் முன்பாக எதிர்த்து, சுவிசேஷத்தின் சத்தியத்துக்கேற்ப நடக்கவில்லை என்று கடிந்தார். பந்தி பிரிந்தது ஒழுங்குமுறைப் பிழை எனக் கருதப்படவில்லை. சுவிசேஷத்தின் மறுதலிப்பு எனக் கருதப்பட்டது.

ஆக, ஊர் வழக்கம் ஒன்றனைக் குறித்து நாம் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு. இதில் வணக்கம் யாருக்குச் செலுத்தப்படுகிறது? இதனால் பந்தியினின்று விலக்கப்படுவோர் யார்? இரண்டிலும் குற்றமற்ற வழக்கம் பூவைப்போல, பாட்டைப்போல, நம்முடையதே. அதனை எவருடைய அனுமதியுமின்றி நாம் ஏற்கலாம். நம் சபைகள் முதற்கேள்வியை உரத்த குரலிலும் இரண்டாவதைத் தாழ்ந்த குரலிலும் கேட்டு வந்துள்ளன என்பதே நம் குற்றச்சாட்டு.

6. இன்றைய சில வழக்குகள்

இவ்வளவுகோல்களை ஆரணியாற்றுப் பகுதியின் வாழ்வோடு பொருத்திப் பார்ப்போம்.

ஆலைத் தொழிலாளியை முதலில் எண்ணுவோம். கும்மிடிப்பூண்டி ஆலைகளில் ஆயுதபூசை நாளில் எந்திரங்கள் துடைக்கப்பட்டுச் சந்தனமும் குங்குமமும் பெறுகின்றன. வடநாட்டுத் தொழிலாளர் செப்டம்பர் 17ஆம் நாளில் விசுவகர்மா பூசை செய்கின்றனர். கிறிஸ்தவத் தொழிலாளி என் செய்வான்? எந்திரத்தைத் துடைப்பது அவன் கடமை, அதில் தடையில்லை. கற்பூரம் காட்டுவதும் வணங்குவதும் வழிபாடு. அதினின்று அமைதியாக விலகிநிற்பது அவன் விசுவாசம். பின்னர்ப் பங்கிடப்படும் பொரியும் சுண்டலும் எவ்வகையின? உடன் உழைப்போன் அன்பின் அடையாளமாக நீட்டும்போது அதனைத் தட்டிவிடுவது, படைத்த பொருளுக்கு இல்லாத ஆற்றலை அதற்கு வழங்குவதாகும். ‘இதை உண்டால் நீயும் எங்கள் தெய்வத்தை ஏற்றவன்’ என்று ஒருவன் கூறினால் மட்டுமே நிலை மாறும். அன்றியும், அதே ஆலையில் நிரந்தரத் தொழிலாளர் ஒரு பக்கமும் ஒப்பந்தத் தொழிலாளர் மறுபக்கமும் உண்ணும் நிலை இருப்பின், அதுவும் நம் இரண்டாம் கேள்விக்குரியதே. குங்குமத்துக்கு அஞ்சும் மனச்சாட்சி இதற்கும் அஞ்சவேண்டும்.

இரண்டாவது, கூழும் விருந்தும். ஆடி மாதத்தில் தெருக்கள்தோறும் அம்மனுக்குக் கூழ் வார்த்து ஏழை எளியோர்க்கு வழங்குகின்றனர். சுதந்தர தினத்தன்று அறநிலையத்துறைக் கோயில்களில் சமபந்தி விருந்து நடைபெறுகிறது. முன்னது வழிபாட்டோடு இணைந்தது; பின்னது எல்லாச் சாதியாரும் ஒரே வரிசையில் உண்ணவேண்டும் என்பதற்கே ஏற்பட்டது. கோயில் மண்டபத்தில் நடக்கிறது என்பதற்காகச் சமபந்தியை நாம் அருவருப்போமாயின், அந்தியோகியாவில் நாம் பேதுருவின் பக்கத்திலேயே நிற்கிறோம்.

மூன்றாவது, பறை. இப்பகுதிச் சபைகளில் பெரும்பாலோரின் முன்னோர் நிலமற்ற கூலிகளாயிருந்தவர்கள். பொன்னேரி அக்காலச் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்டத்துப் பறையரின் இழிநிலையைக் கலெக்டர் திரெமென்ஹியர் 1891இல் அரசுக்கு எழுதியதன் தொடர்ச்சியாகவே 1892இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என இன்றும் வழங்குவது அதுவே. அம்மக்கள் ஊரார் சாவுக்கும் விழாவுக்கும் கூலியின்றியோ அற்பக் கூலிக்கோ பறையடிக்கக் கடமைப்பட்டிருந்தனர். கிறிஸ்துவிடம் வந்தபோது அக்கடமையைத் துறந்தது விடுதலை. ஆனால் நாளடைவில் நம் சபைகள் கடமையை மட்டுமன்றிக் கருவியையே தீட்டாக்கின. ஊரார் இழிவென்று கூறியதை நாமும் இழிவென்றோம். அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு (1940–2005) நாட்டுப்புற இசையையும், ஒரே உலையில் சமைத்து உண்ணும் வழக்கத்தையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தபோது இப்பிழையைத் திருத்தினார். பறையைக் கிறிஸ்துவியலின் பொருளாக்கிய சத்தியநாதன் கிளார்க்கின் 1998ஆம் ஆண்டு நூலும் செங்கற்பட்டுப் பகுதி மக்களிடமிருந்தே பிறந்தது. ஒரே கருவி, ஏவலால் அடிக்கப்படும்போது அடிமைத்தனம். மகிழ்ந்து அடிக்கப்படும்போது துதி. வழக்கத்தை அதன் வடிவத்தைக் கொண்டு தீர்க்காமல், அது யாரை எந்நிலையில் வைக்கிறது என்பதைக் கொண்டு தீர்க்கவேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

நான்காவது, ஒலிபெருக்கி. இதில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது நாமே. சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பகுதியில் குடியிருப்போர் சங்கத்தார் ஒரு சபையின் ஓசையைக் குறித்துத் தொடுத்த வழக்கில், 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறர் அமைதியைக் குலைத்து, ஒலிபெருக்கியாலும் மேளத்தாலும் ஜெபிக்கவேண்டும் என எந்தச் சமயமும் கற்பிக்கவில்லை என்பது அதன் சாரம். முதியோரும் நோயாளரும் படிக்கும் பிள்ளைகளும் தீர்ப்பில் நினைவுகூரப்பட்டனர். தம் உரிமையைக் கடைசிக் காசுவரை வற்புறுத்தாத அந்த ‘எப்பியைகெஸ்’ என்னும் பண்பினை நீதிமன்றம் நமக்கு நினைவூட்ட நேர்ந்தது வெட்கத்துக்குரியது. 1982இல் மண்டைக்காட்டில் மீனவக் கிறிஸ்தவருக்கும் இந்துக்களுக்கும் இடையே மூண்ட கலவரத்தையும் துப்பாக்கிச் சூட்டையும் நினைப்போர், திருவிழாக் காலத்து ஒலியும் வழியும் சிறு பொருள்கள் அல்ல என்பதை அறிவர்.

7. எழக்கூடிய மறுப்பு

‘முதற்கற்பனையைத் தளர்த்திச் சமூகநீதியை அதன் இடத்தில் வைக்கிறீர்கள்’ என்று சிலர் கூறக்கூடும். இம்மறுப்பு எளிதாக ஒதுக்கத்தக்கதன்று. விக்கிரக வணக்கத்தைப் பண்பாடு என்று பெயர்மாற்றி ஏற்போர் நம் நாளில் இல்லாமலில்லை. அவர்களுக்குப் பவுலின் முதல் எல்லையே விடை. ஆனால் அவ்வெல்லையைக் காப்பதிலேயே சபையின் தூய்மை முற்றுப்பெறுகிறது என்பதையும் நாம் ஏற்பதற்கில்லை. பொட்டும் பூவும் இட்ட மணமகளைக் கேள்வி கேட்கும் சபைக்குழு, அம்மணம் ஒரே சாதிக்குள் பேசி முடிக்கப்பட்டதைக் குறித்துக் கேட்பதுண்டோ? பிரசாதத்தை உண்டவனைக் கண்டிக்கும் ஆயர், கல்லறைத் தோட்டத்தில் பிரிக்கும் சுவர் எழும்போது கண்டிப்பதுண்டோ? தேர்தல்களில் சாதி எண்ணிக்கை பார்க்கும் திருமண்டலம், அயலாரின் சடங்குகளில் சாதி இருப்பதைச் சுட்டும் தகுதி உடையதோ? பொன்னேரிக் கடைத்தெருவில் இரு சமயத்தாரின் தெய்வங்கள் எதிரெதிரே வந்து நிற்க இடம் இருக்கிறது. நம் ஆலயத்தில் இரு சாதியார் ஒரே கிண்ணத்தில் மனத்தாங்கலின்றிப் பருக இடம் இருக்கிறதா?

மற்றொரு மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வரலாம். ‘சிறுபான்மையினர் மிதமாக இருங்கள் என்பது, வலியோருக்கு அடங்கி இருங்கள் என்பதன் மறுபெயர் அன்றோ?’ இதுவும் நியாயமான அச்சமே. கட்டாயமாகத் தண்டப்படும் கோயில் வரியை மறுக்கும் உரிமை கிறிஸ்தவக் குடும்பத்துக்கு உண்டு. அதனை அஞ்சாமல் கூறலாம். எனினும் குளம் தூர்வாரவும், தெருவிளக்கு இடவும், மழைவெள்ளத்தில் கரை கட்டவும் ஊர் கேட்கும்போது முந்திக்கொண்டு கொடுப்பவர்களாக நாம் இருப்பின், அம்மறுப்பு பகையாகக் கருதப்படாது. விட்டுக்கொடுத்தல் நம் சொந்த உரிமைகளைப் பொறுத்தது. பந்தியினின்று தள்ளப்பட்ட சகோதரனுடைய உரிமையை விட்டுக்கொடுக்க நமக்கு அதிகாரம் இல்லை. பேதுரு விட்டுக்கொடுத்தது தம்முடையதை அன்று. புறஜாதிச் சகோதரனுடைய இடத்தையே.

முடிவுரை

ரொஜேரியுஸ் வாசலைத் திறந்தார். வீட்டின் முன்பக்கத்தோடு நின்றார். சாஸ்திரியார் பூவையும் பாட்டையும் காத்துத் தந்தார், பந்தியைக் காக்கவில்லை. மிஷனெரிமார் பந்தியைக் கட்டளையிட்டனர்; பூவையும் பாட்டையும் மிதித்தனர். இவர்கள் ஒவ்வொருவரிடமும் நாம் பெற்றது உண்டு. ஆகையால் இவர்களைத் தீர்ப்பதற்கன்று, இவர்கள் நிறுத்திய இடத்திலிருந்து தொடர்வதற்கே இவ்வாய்வு.

ஆயத்தமாகிவரும் இறையியல் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். ஆரணி போன்றதோர் ஊருக்கு நீங்கள் அனுப்பப்படும்போது, அங்குள்ள வழக்கங்களின் பட்டியலை எழுதி, கூடும், கூடாது எனக் குறியிட விரையாதீர்கள். முதலில் அவ்வூரில் யார் யாரோடு உண்கிறார்கள், யார் வெளியே நிற்கிறார்கள் என்று பாருங்கள். அவ்வாறு வெளியே நிற்போரின் வீட்டில் முதலில் உண்ணுங்கள். பூவையும் வேப்பிலையையும் பற்றிய கேள்விகளுக்கு விடைகாண அதன்பின் நேரம் இருக்கும். அவ்விடைகளைத் தேடுகையில் அவ்வீட்டாரின் சொல்லும் உங்களுக்குத் துணைநிற்கும்.